குதிரைக்கு வீடு தெரியும்

மாட்டுக்குப் போட எனக்கென்று ஒரு சூட்டுக்குறி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். காலைச் சாப்பாட்டு நேரம். பன்றிக்கறியும் ரொட்டியும் மேசை நடுவில் இருந்தன. அந்தச் சர்க்கரையை இப்படித் தள்ளுங்கள் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டேன். கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று அம்மா எனக்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

"ரொட்டி கேளு, துணி கேளு, ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேளு. சூடு மட்டும் கேக்காத மிண்டி. அந்த வார்த்தைய எடுத்தா உங்கப்பாவுக்குக் கண்ணு மாறிடும்."

நீங்கள் கேட்டது இதுவல்ல ஷெரீப், தெரியும். அப்பாவைக் கடைசியாக எப்போது உயிரோடு பார்த்தாய் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்கிறேன். ஒரு கேள்விக்கு எங்கிருந்து பதில் தொடங்குகிறதோ அங்கிருந்து தொடங்கச் சொல்லி எனக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள். நான் மறைத்தேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கேள்வியை இதுவரை இந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

நேற்று என் தம்பி ஓரின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போனதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பாவின் குதிரை டீக்கனைச் சுடப் போனான். "அப்பாவ எங்கயோ கொண்டுபோய்த் தள்ளிட்டு இது மட்டும் வந்து நிக்குது, நன்றி கெட்ட சனியன்" என்றான். எனக்கு அது பொறுக்கவில்லை. குதிரை தனக்குத் தெரிந்ததைச் சரியாகச் செய்தது. இந்த வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் குறைவு.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோசியா டார்ப்ளி என்றால் பவுடர் ஆற்றின் இரு கரையிலும் தெரியாதவர்கள் இல்லை. டெக்சஸிலிருந்து மந்தையை ஓட்டிக்கொண்டு வடக்கே வந்தவர். வழியில் பிளாட் ஆறு இரண்டு ஆட்களைக் கொண்டுபோனது. அவர்களின் தொப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் மந்தையை நகர்த்தியவர். நாங்கள் இங்கே வந்தபோது வேலி கிடையாது, கூரை கிடையாது. முதல் குளிர்காலத்தை மண்கட்டிச் சுவர்களுக்குள் கழித்தோம். கூரையிலிருந்து பாம்பு விழும், அம்மா அதைக் கரண்டியால் எடுத்து வெளியே போடுவாள். என் கடைசித் தங்கை அந்த வீட்டில்தான் பிறந்தாள், அங்கேயே போனாள். எருமை எலும்புகளைக் குவித்து அவள் தலைமாட்டில் அடையாளம் வைத்தோம், கல் கிடைக்கவில்லை.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தம் சூட்டுக்குறியை வரைவார். கவிழ்த்த பிறை, அதன் மேல் ஒரு கோடு. நாங்கள் யார் என்று கேட்டால் அந்தப் பிறையும் கோடும்தான். ஓரின் பிறந்த அன்றே வண்டி அச்சை உடைத்து அவனுக்கொரு சூட்டுக்கோல் அடித்தார். பிறைக்குக் கீழே கோடு. அவன் தொட்டிலில் கிடந்தபோதே அவனுக்கு மாடு இருந்தது. நான் அவனுக்கு மூன்று வயது மூத்தவள். சூடு இல்லாதவருக்கு மாடு இல்லை, மாடு இல்லாதவருக்கு இந்த நாட்டில் பேச்சு இல்லை. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்னுடைய மாடுகள் தாயில்லாதவை. ஓநாய் அடித்த பசுவின் கன்று, ஆற்றைக் கடக்கும்போது பிரிந்துபோன கன்று, குளிரில் தாய் விழுந்துவிட அதன் மடியை முட்டிக்கொண்டே நின்ற கன்று. ஆட்கள் அவற்றை மண்டையில் ஒரு அடி அடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் அவற்றைச் சேணத்தில் போட்டுக் கொண்டுவந்தேன். விரலைப் பாலில் நனைத்து ஊட்டினேன். சிலவற்றுக்கு வேறு தாய் பிடித்துக்கொடுத்தேன். அப்பாதான் அந்த வித்தையைக் காட்டினார். கன்று செத்த பசு ஒன்றைப் பார்க்க வேண்டும். செத்த கன்றின் தோலை உரித்து, ஈரம் காய்வதற்குள் தாயில்லாக் கன்றின் முதுகில் கட்டிவிட வேண்டும். பசு வந்து முகரும். தன் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு நின்று பால் கொடுக்கும்.

"மாட்டுக்குக் கண்ணு பொய், மூக்குதான் நெசம்" என்றார் அப்பா. அதை நான் மறக்கவில்லை.

ஒஹையோவிலிருக்கும் அத்தை என்னைப் படிக்க வைக்கிறேன் என்றபோது அப்பா தடுக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும். கல்லூரிப் படி மிதித்தவர் எங்கள் குடும்பத்தில் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. ரயிலடியில் நின்று, "போய்ட்டு வா மிண்டி. உன் மாடுங்களுக்கு இப்போதைக்கு என் சூட்டைப் போட்டு வெக்கிறேன், இல்லேன்னா எவனாவது ஓட்டிட்டுப் போயிடுவான். நீ வந்ததும் உனக்குன்னு ஒரு கோல் அடிச்சு மேல போட்டுத் தர்றேன், கண்ணு" என்றார். நான் நான்கு வருடம் லத்தீன் வகுப்பில் தாள் ஓரங்களில் அந்தக் குறியை வரைந்துகொண்டிருந்தேன். ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. எளிதாக அடிக்கலாம், மாட்டுக்கு அதிகம் வலிக்காது.

திரும்பி வந்தேன். என் மாடுகள் பெருகியிருந்தன. கன்றுகள் பசுக்களாகி, பசுக்கள் கன்று போட்டிருந்தன. பிஸ்கட் என்று நான் பெயர் வைத்த செவலைக் காளை, பாவாடை என்று பெயர் வைத்த வெள்ளைக்கால் பசு, எல்லாம் இருந்தன. எல்லாவற்றின் விலாவிலும் பழைய சூட்டின் மேல் குறுக்குக் கோடு இழுத்து, பக்கத்தில் புதுச் சூடு போட்டிருந்தது. பிறைக்குக் கீழே கோடு. ஓரினுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். புதுக்குடித்தனத்துக்கு மந்தை வேண்டும் அல்லவா.

அதனால் கேட்டேன்.

அப்பாவுக்குக் கண் மாறவில்லை. அம்மா பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. அவர் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

"சூடா? எதுமேலடி போடப் போற, உன் காலேஜ் காகிதத்து மேலயா?"

ஓரின் சிரித்தான். எங்களிடம் வேலை பார்க்கும் சீலி காப்பிக்குள் சிரித்தான். "அந்தக் காகிதம் ஓடாது முதலாளி, கயிறு போட வேணாம், சுலபமாச் சூடு போடலாம்" என்றான்.

"நீங்க ரயிலடில சொன்னீங்க" என்றேன்.

"ஊருக்குப் போற பொண்ணு அழக்கூடாதுன்னு ஆயிரம் சொல்லுவோம். இங்க பாரு மிண்டி, பொண்ணு பேர்ல சூடு போட்டா அந்த மாடு என்னிக்கிருந்தாலும் அடுத்தவன் மந்தைக்குத்தான் நடந்து போகும். நான் ரெண்டு உசுரை ஆத்துல குடுத்துக் கொண்டுவந்த மாடு அது."

"அது நான் விரலை ஊட்டி வளத்த மாடு."

"வளத்தவ நீதான், யாரு இல்லேன்னா? கோழியக்கூட உங்கம்மாதான் வளக்குறா." என் தலையில் கையை வைத்து முடியைக் கலைத்துவிட்டு எழுந்து போனார்.

அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு யோசனை வந்திருக்காது என்று நினைக்கிறேன். மேசையைத் துடைக்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள். அவள் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய அப்பா நான்கு பசுக்கள் கொடுத்தாராம். மறுநாளே அவற்றின் மேல் பிறையும் கோடும் ஏறிவிட்டது. ஒருமுறை கேட்டாளாம். "அப்புறம் கேக்கல" என்றாள். துணியைப் பிழிந்தாள். அவ்வளவுதான் அவள் வரலாறு.

அந்தக் கோடையில் மழை இல்லை. புல் வேரோடு பொடிந்தது. தெற்கிலிருந்து புதிது புதிதாக மந்தைகள் வந்து இறங்கி இருந்த புல்லையும் தின்றன. இலையுதிர் காலத்தில் வாத்துகள் சீக்கிரமே பறந்துபோயின. ஆற்றில் அணை கட்டும் பீவர்கள் மரத்தை இரண்டு மடங்கு அடுக்கின. மாடுகளுக்கு மயிர் கம்பளம்போல வளர்ந்தது. ஒருநாள் காலையில் வேலிக் கம்பத்தின் மேல் வெள்ளை ஆந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. சீலி அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான், சவ ஊர்வலத்துக்குக் கழற்றுவதைப்போல. "என்ன சீலி, கும்பிடுறியா?" என்று கேட்டேன். "காலேஜு, இது உன் புஸ்தகத்துல இருக்காது. இந்த ஆந்தை வந்த வருஷம் மனுஷன் எதையும் மிச்சம் வெக்க முடியாது" என்றான்.

அந்த மாதம்தான் விற்பனைக்கு மாடு பிரிக்கும் வேலையில் ஒரு காளை புரண்டு விழுந்து அப்பாவின் முழங்கால் நசுங்கியது. அடுப்போரம் உட்கார்ந்துவிட்டார். அவர் குதிரையில் வேறு யாரும் ஏறக் கூடாது என்பது வழக்கம். ஆனால் சவாரி இல்லாமல் நின்றால் குதிரைக்குக் கால் கெட்டுவிடும்.

"மிண்டி, நீ டீக்கனைத் தினமும் ஒரு சுத்து ஓட்டிட்டு வா. ஓரின்கிட்டக் குடுத்தா வாய்ல ரத்தம் வர இழுப்பான்" என்றார்.

அடுப்போரம் அவர் சொன்ன கதைகளில் முக்கால்வாசி பனிப்புயல் கதைகள். புயலில் வழி தவறி, கை எது கால் எது என்று தெரியாமல் போனபோதெல்லாம் அவர் செய்தது ஒன்றுதான். கடிவாளத்தைத் தளர விட்டுவிடுவார். கழுத்தோடு சாய்ந்துகொள்வார். கண்ணைத் திறந்தால் லாய வாசல்.

"வெள்ளைப் புயல்ல மனுஷ மூளை பொய் சொல்லும். இந்தப் பக்கம்தான் வீடுன்னு சத்தியம் பண்ணும். நம்பினவன் செத்தான். கயிற விட்டுடு. குதிரைக்கு வீடு தெரியும்."

இந்தப் பக்கத்தில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நான் மட்டும் அடுப்போரம் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டே யோசித்தேன். குதிரைக்கு வீடு என்றால் என்ன? அதற்குச் சுவர் தெரியுமா, பைபிள் தெரியுமா, அம்மா தெரியுமா? எங்கே ஓட்ஸ் கிடைக்கிறதோ, எங்கே சேணத்தை இறக்கி முதுகைத் தேய்த்துவிடுகிறார்களோ, அதுதானே வீடு. பசு தோலை முகர்ந்து பிள்ளை என்று நம்புவதைப்போல. இதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஒரு கூற்று இருந்தால் அதைச் சோதிக்க வேண்டும். படித்தவள் செய்யும் வேலை அது.

கிழக்கே கசப்போடையைத் தாண்டி ஹால்வர்சன் விட்டுவிட்டுப்போன பொந்துவீடு இருக்கிறது. மேட்டுச் சரிவைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் மரத்தால் அடைத்த அறை. அவன் பெண்டாட்டி போன பிறகு நார்வேக்கே திரும்பிவிட்டான். நான் எங்கள் தானிய அறையிலிருந்து ஒரு மூட்டை ஓட்ஸைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன், தீரத் தீர இன்னொன்று. தினமும் டீக்கனை அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே சேணத்தை இறக்கினேன், வைக்கோலால் உடம்பு முழுக்கத் தேய்த்துவிட்டேன், ஓட்ஸ் கொடுத்தேன், காதைச் சொறிந்தேன். திரும்பி வந்து எங்கள் லாயத்தில் கட்டும்போது வெறும் வைக்கோல். அதையும் ஓரின்தான் போடுவான், ஒரு உதையோடு.

முதல் சில வாரம் ஓடைக்கரையில் குதிரையைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. பிறகு கயிற்றைத் தளர விட்டாலே போனது. பிறகு திரும்பி வருவதற்குத்தான் கயிற்றை இழுக்க வேண்டியிருந்தது. வேறு குதிரையாக இருந்தால் இன்னும் நாளாகியிருக்கும். டீக்கன் புத்திசாலி.

நான் யாருடைய சாவையும் விரும்பவில்லை. ஒரு குதிரைக்குத் தீனி போட்டேன். புயலை நான் அனுப்பவில்லை. முழங்கால் பாதி ஆறிய மனிதரை வெளியே போகச் சொன்னதும் நானில்லை.

ஜனவரியில் அந்தக் காலை உங்களுக்கும் நினைவிருக்கும். வடக்கே வானம் இரும்பு நிறமாகிவிட்டது. மாடுகள் நடக்கத் தொடங்கின. புயலுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே இருப்பதுதான் மாட்டின் சுபாவம், நடந்தால் பிழைக்கும். எங்களுக்குத் தெற்கே தடுப்பு வேலி இருக்கிறது, மந்தை கலைந்து தூரம் போகாமலிருக்க எல்லாருமாகச் சேர்ந்து போட்ட முள்கம்பி. புயல் வந்தால் யாராவது ஒருவர் ஓடிப்போய் அதை வெட்டித் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் மாடுகள் கம்பியில் முட்டி அப்படியே நிற்கும். ஓரினும் சீலியும் மேற்கே வைக்கோல் போர்களுக்குப் போயிருந்தார்கள். அப்பா எழுந்தார்.

"கால் இருக்குற இருப்புக்கு எங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"காலாடி போகுது? குதிரைதானே போகுது. கம்பிய வெட்டிட்டுத் திரும்பறதுக்கு எவ்ளோ நேரம்? வழி மறைஞ்சா டீக்கன் கொண்டுவந்து சேப்பான்."

நான்தான் அவருக்குக் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். கம்பளியைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். சேணத்தில் ஏற்றிவிடத் தோள் கொடுத்தேன்.

"டீக்கனுக்கு ஓட்ஸ் போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேன்பா."

அது உண்மை. நான் பொய் சொல்வதில்லை.

அவர் தெற்கே போனார். அரை மைல் போவதற்குள் வெள்ளை இறங்கிவிட்டது. அன்று முழுக்கக் காற்று. ஓரினும் சீலியும் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அம்மா ஜன்னலில் விளக்கை வைத்தாள், எடுத்தாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள். "குதிரை கொண்டுவந்துடும்மா" என்று ஓரின் சொல்லிக்கொண்டே இருந்தான். "டீக்கனைப்போல ஒரு குதிரை இந்த ஆத்தங்கரையிலயே கிடையாது." நானும் தலையாட்டினேன். அந்தக் கருத்தில் எங்களுக்குள் வேறுபாடு இருந்ததில்லை.

மறுநாள் காற்று நின்றதும் தேடப் போனார்கள். வேலிக்கும் வீட்டுக்கும் நடுவில் தேடினார்கள். எல்லாரும் அங்கேதான் தேடுவார்கள். கயிற்றை விட்டிருப்பார், குதிரை வீட்டுப்பக்கம் வந்திருக்கும், நடுவில் எங்கோ விழுந்திருப்பார். ஓரின் என்னிடம், "நீ வேலியோட கிழக்குக் கோடி வரைக்கும் பாத்துட்டு வா" என்றான். அவனே அனுப்பினான்.

வேலியோரமாகப் போனேன். கம்பி வெட்டப்படவில்லை. அங்கே வருவதற்கு முன்பே அப்பா கயிற்றை விட்டுவிட்டார் போலிருக்கிறது. மாடுகள் நின்றுகொண்டிருந்தன. படுத்திருந்தவை கீழே, அவற்றின் மேல் ஏறி நின்றவை மேலே. மூச்சு உறைந்து மூக்கை அடைத்து, நின்றபடியே. நான் கையுறையால் பனியைத் துடைத்துத் துடைத்து முகங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். பாவாடையைப் பார்த்தேன். அதன் வயிற்றுக்கடியில் இந்த வருடக் கன்று. கொஞ்சம் தள்ளி பிஸ்கட். விலாவில் பனிக்கட்டிக்குள் ஓரினின் சூடு கண்ணாடிக்குள் வைத்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தது.

அங்கே நின்று நான் அழுதேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கண்ணீர் இமையிலேயே உறைந்தது, விரலால் உடைத்துவிட வேண்டியிருந்தது. நேரத்தோடு கம்பியை வெட்டியிருந்தால் அவை பிழைத்திருக்கும். அது அப்பாவின் பொறுப்பு. அதை அவர் செய்யவில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஓடையைத் தாண்டி மேட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் குதிரை வாடை வந்தது. டீக்கன் உள்ளே நின்றது. என்னைப் பார்த்துக் கனைத்தது. அப்பா அதன் வயிற்றோடு ஒட்டி, சேணத்துணியைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ஹால்வர்சனின் கட்டில் பலகை எல்லாம் எரிந்து சாம்பலாகியிருந்தது. குதிரையின் உடம்புதான் அவருக்கு அடுப்பு.

"யாரது, ஓரினா?"

"நான்தான்பா."

"மிண்டியா? வாடி. மத்தவனுங்க எங்க?"

"வேலிக்கும் வீட்டுக்கும் நடுவுல தேடுறாங்க."

சிரித்தார். உதடு வெடித்து ரத்தம் வந்தது. "அங்கதான் தேடுவானுங்க. நான்தானே சொல்லிக் குடுத்தேன்." கால்களைக் காட்டினார். பூட்ஸைக் கழற்ற முடியாதபடி வீங்கியிருந்தன. இறங்கத்தான் முடிந்ததாம், திரும்ப ஏற முடியவில்லை. பசிக்கு மூட்டையிலிருந்த ஓட்ஸை மென்றாராம். குதிரைக்கு ஒரு கை, தமக்கு ஒரு கை.

"இந்த மூட்டை நம்ம வீட்டு மூட்டை மிண்டி."

"ஆமா."

"இங்க எப்படி வந்துச்சு?"

"நான்தான் கொண்டுவந்தேன். மாடு பிரிச்ச மாசத்துலேருந்து டீக்கனுக்கு இங்கதான் தீனி."

அவர் கொஞ்ச நேரம் குதிரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுத்துதான் தெரியாது; தடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முழுத் தடத்தையும் பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"அடிப் பாவி" என்றார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். "ஓரின் தலைகீழா நின்னாலும் இந்த யோசனை வருமா அவனுக்கு? உன்னைப் பையனாப் பெத்திருக்கணும்டி."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அப்போதுதான்.

"எனக்குச் சூடு வேணும்பா" என்றேன்.

"தர்றேன். கண்டிப்பாத் தர்றேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேரு, எல்லாம் தர்றேன், கண்ணு."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பட்டிக்குள் நுழைய மறுக்கும் மாட்டிடம் பேசும் குரல் அது. வாடி, வாடி கண்ணு, ஒண்ணும் பண்ண மாட்டேன். ரயிலடியிலும் அதே குரல்தான். அன்று எனக்கு வயது போதவில்லை, பட்டிக்குள் போய்விட்டேன்.

இருந்தாலும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று இன்னொரு வாய்ப்பு கொடுத்தேன்.

"வேலியோரமா என் மாடெல்லாம் செத்து நிக்குதுப்பா" என்றேன்.

"எது, ஓரினோடதா?" என்றார். முகம் நிஜமாகவே சுருங்கியது. "ஐயோ. வசந்தத்துல கல்யாணம் வெச்சிருக்கானே, பையன் என்ன பண்ணுவான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான். செத்த பிறகும் அவை என்னுடையவை ஆகவில்லை.

நான் அந்த நிமிடத்தில் கோபத்தில் ஏதோ செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதக்கூடும். அது எனக்குச் சாதகமாக இருக்கும், ஆனால் சரியாக இருக்காது. வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் கொண்டுவந்தது ஒரு பை ஓட்ஸ் மட்டும். போர்வை கொண்டுவரவில்லை. பிராந்தி கொண்டுவரவில்லை. எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் மனிதரைத் தேடிப் போகிறவள் அப்படிப் போக மாட்டாள். செத்த மனிதரைப் பார்க்கப் போகிறவளுக்கு ஓட்ஸ் எதற்கு? குதிரை அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் போனேன்.

கொண்டுவந்ததைக் குதிரைக்குக் கொடுத்தேன். மூட்டையில் மிச்சமிருந்ததை என் பையில் தட்டிக்கொண்டேன். வழியில் அதற்குப் பசிக்கும். பிறகு கடிவாளத்தைப் பிடித்தேன்.

"மிண்டி, குதிரைய எங்க கொண்டுபோற? அது இருக்கிறதாலதான்டி நான் இருக்கேன்."

"அடைஞ்சு நிக்குதுப்பா. அதுக்குக் கால் கெட்டுடும்."

"சரி, போ. போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வா. சீக்கிரம் வரணும், என்ன?"

சரி என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அவர் மறுபடி என்னைக் கூப்பிட்டார், பெயர் சொல்லி, இரண்டு மூன்று தடவை. குரலில் மாட்டைப் பட்டிக்குக் கூப்பிடும் அந்தக் கொஞ்சல் போய்விட்டிருந்தது. சேணத்துணியை அவர் தோள்வரை இழுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அடுத்த புயல் இறங்கி எல்லாத் தடத்தையும் மூடிவிட்டது. டீக்கன் எங்கே கிடைத்தது என்று ஓரின் கேட்டான். கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் என்றேன். குதிரை அவரைத் தள்ளிவிட்டுத் தனியாக அங்கே அலைந்திருக்கிறது என்று அவனே எடுத்துக்கொண்டான். பொந்துவீடும் ஓடைக்கு அந்தப் பக்கம்தானே. பனி உருகிய பிறகு சீலி அங்கே போய்ப் பார்த்ததும், உங்களைக் கூப்பிட்டதும் உங்களுக்கே தெரியும்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அப்பாவைக் கடைசியாக நான் உயிரோடு பார்த்தது அங்கே, அன்று பகலில். குதிரையை முன்னால் வெளியே விட்டேன், பின்னால் நான் வந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. கதவை மட்டும் நன்றாக இழுத்துச் சாத்தி, வெளியே கொண்டி போட்டேன். காற்றில் திறந்துகொள்ளும் கதவு அது. அப்பாவுக்குக் குளிர் ஆகாது.